உலகக் கோப்பைப் பந்துகள்: ஜபுலானி கீப்பர்களின் சாக்கா?

கேள்வி, 24 நவம்பர் 2022

நாலு வருடத்துக்கு ஒரு புதுப் பந்து, புதுப் பெயர், புது விளம்பரம். எடையும் சுற்றளவும் விதிப்படி ஒன்றுதான். அப்புறம் ஏன் ஒவ்வொரு முறையும் கீப்பர்கள் புலம்புகிறார்கள்? 2010 உலகக் கோப்பையில் ஜபுலானி என்ற பந்தைத் திட்டியதெல்லாம் விட்ட கோலுக்குச் சொன்ன சாக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

24 நவம்பர் 2022, இரவு

மறுக்கிறேன். கல்லூரியிலும் அதற்கப்புறம் லீக் ஆட்டங்களிலும் கீப்பராக நின்றவன் நான். சாக்கு எது, உண்மை எது என்று கைக்குத் தெரியும்.

விதியில் இருந்தே ஆரம்பிக்கலாம். கால்பந்து ஆட்ட விதிகளில் இரண்டாவது விதி பந்தைப் பற்றியது. உருண்டையாக இருக்க வேண்டும், சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., ஆட்டம் தொடங்கும்போது எடை 410 முதல் 450 கிராம், உள்ளே அழுத்தம் 0.6 முதல் 1.1 அட்மாஸ்பியர். மேல்தோல் எத்தனை துண்டாக இருக்க வேண்டும், துண்டுகளுக்கு இடையே பள்ளம் எவ்வளவு ஆழம், தோல் வழுவழுப்பா சொரசொரப்பா, இது எதைப் பற்றியும் அந்த விதியில் ஒரு வரி கிடையாது. ஃபிஃபாவின் தரச் சோதனையிலும் உருண்டைத்தன்மை, துள்ளல், தண்ணீர் உறிஞ்சுதல், அழுத்தம் குறைதல் என்று ஒரு வரிசை இருக்கிறது. இரும்புத் தகட்டின் மேல் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் 2,000 தடவை அடித்து வடிவம் மாறுகிறதா என்றுகூடப் பார்க்கிறார்கள். காற்றில் எப்படிப் பறக்கிறது என்பதற்கு அந்த வரிசையில் சோதனை இல்லை. ஆக, விதிக்கு நூறு சதவீதம் பொருந்திய இரண்டு பந்துகள் காற்றில் இரண்டு விதமாகப் போகலாம். கீப்பர் பிடிக்க வேண்டியது காற்றில் வரும் பந்தைத்தானே, தராசில் இருக்கும் பந்தை இல்லையே.

25 நவம்பர் 2022

"தோல் வழுவழுப்பாக இருந்தால் பந்து நேராகத்தானே போகும்" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, நேர் எதிர். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடம் புரிந்தால் மீதி தானாகப் புரியும்.

பந்து பறக்கும்போது அதன் தோலை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் வழுக்கிக்கொண்டு போகிறது. அது பந்தின் முதுகு முழுக்க ஒட்டிக்கொண்டு வருவதில்லை, ஓரிடத்தில் பிய்த்துக்கொள்கிறது. அதற்குப் பின்னால் கலங்கிய காற்று. கலங்கல் அகலமாக இருந்தால் பந்தைப் பின்னால் இழுக்கும் விசை அதிகம். வேகம் குறைவாக இருக்கையில் படலம் அமைதியாக ஓடி, சீக்கிரமே பிய்ந்துவிடும். ஓர் எல்லை வேகத்தைத் தாண்டினால் படலமே கொந்தளிக்கத் தொடங்கும், அப்படிக் கொந்தளிக்கும் படலம் இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு வரும், இழுவை சட்டென்று விழும். அந்த எல்லை வேகத்தை முடிவு செய்வது தோலின் சொரசொரப்பு. தையலும் பள்ளமும் எவ்வளவு அதிகமோ அவ்வளவு குறைந்த வேகத்திலேயே படலம் கொந்தளிக்கும். கோல்ஃப் பந்தில் குழி போடுவது இதற்காகத்தான்.

இப்போது சுழலாமல் அடிக்கப்பட்ட ஒரு ஃப்ரீ கிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லை வேகத்துக்குப் பக்கத்தில் பந்து வரும்போது, ஒரு பக்கத்தில் தையல் காற்றுக்கு எதிரே இருக்கிறது, அங்கே படலம் கொந்தளிக்கிறது. மறுபக்கத்தில் வெறும் தோல், அங்கே அமைதி. இரண்டு பக்கமும் பிய்யும் இடம் வேறாகிவிடுவதால் பக்கவாட்டில் ஒரு தள்ளல் வருகிறது. பந்து மெல்லத் திரும்பும்போது பக்கம் மாறுகிறது, தள்ளலும் மாறுகிறது. இதுதான் நக்கிள் பந்து. அடித்தவருக்கே அது எங்கே போகும் என்று தெரியாது.

32 துண்டுப் பழைய பந்தில் இந்தச் சேட்டை மணிக்கு ஏறத்தாழ 50 கி.மீ. வேகத்தில் நடக்கும். அந்த வேகத்தில் வரும் பந்தை எந்த நல்ல கீப்பரும் பார்த்துப் பிடித்துவிடலாம். ஜபுலானிக்கு எட்டே பேனல் (மேல்தோல் துண்டு), தையலே இல்லை, வெப்பத்தால் ஒட்டியது, ஒட்டிய பள்ளங்களின் மொத்த நீளம் சுமார் 2 மீட்டர். அதன் எல்லை வேகம் 80 கி.மீ. பக்கம் போய்விட்டது. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் காற்றுச் சுரங்கத்தில் வைத்தே பார்த்துவிட்டார்கள். பெனால்டி பகுதிக்கு வெளியே இருந்து ஓங்கி அடித்த பந்து கோலை நெருங்கும்போது அந்த வேகத்தில்தான் இருக்கும். அதாவது சேட்டை நடக்கும் இடம் கீப்பரின் முகத்துக்கு நேராக வந்துவிட்டது.

இதைச் சாக்கு என்கிறீர்களா?

26 நவம்பர் 2022

ஒன்று சொல்ல விட்டுப்போனது. இழுவை சட்டென்று மாறுவது கிராஸ் அடிப்பவரையும் பாதித்தது. 2010ல் அளவெடுத்துப் போட்டதுபோல் கிளம்பிய நீளமான பாஸ்கள் எல்லாரையும் தாண்டி வெளியே போனது பலருக்கு நினைவிருக்கும். கீப்பர்களின் குரல் மட்டும் உரக்கக் கேட்டதற்குக் காரணம், அவர்கள் தவறினால் அது ஸ்கோர்போர்டில் ஏறும்.

27 நவம்பர் 2022

கேட்டவர் விடவில்லை. "பந்து அவ்வளவு மோசமென்றால் கோல் குவிந்திருக்க வேண்டுமே, 2010ல் 64 ஆட்டத்தில் 145 கோல்தானே" என்கிறார். நல்ல கேள்வி. எண் சரிதான். 2006ல் 147, 2014ல் 171, 2018ல் 169. ஜபுலானி ஆண்டுதான் இவற்றில் குறைவு.

ஆனால் இது என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது. பந்து எங்கே போகும் என்று கீப்பருக்குத் தெரியாதபோது அடிப்பவருக்கும் தெரியாது. கோலுக்கு மேலே பறந்த ஃப்ரீ கிக்குகள் எத்தனை! அந்தப் பந்தைப் பழக்கிக்கொண்டவர்கள் பலன் பார்த்தார்கள். டென்மார்க்குக்கு எதிராக ஜப்பான் 3-1 என்று வென்ற ஆட்டத்தில் ஹோண்டாவும் எண்டோவும் ஆளுக்கொரு ஃப்ரீ கிக் கோல் போட்டார்கள். ஹோண்டா அடித்தது அசல் நக்கிள் பந்து, மறுபடி போட்டுப் பாருங்கள், கீப்பர் முதலில் நகர்ந்த திசையைக் கவனியுங்கள். உருகுவேயின் ஃபோர்லான் கானாவுக்கு எதிரான காலிறுதியில் ஃப்ரீ கிக்கில் சமன் செய்தார், மொத்தம் 5 கோல், தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தின் கடைசி உதையில்கூட ஜெர்மனியின் கிராஸ்பாரை அடித்தார்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ராபர்ட் கிரீன், அமெரிக்காவின் டெம்ப்ஸி அடித்ததை விட்டாரே, அதற்கு ஜபுலானியை இழுக்காதீர்கள். தரையோடு வந்த பந்து அது. காற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

29 நவம்பர் 2022

நேற்றைய போர்ச்சுகல் - உருகுவே ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த இழையை நான் ஏன் நீட்டுகிறேன் என்று புரியும். புரூனோ ஃபெர்னாண்டஸ் உள்ளே தூக்கிப்போட்ட பந்து வலைக்குள் போனது, ரொனால்டோ தன் தலை பட்டதென்று கையை விரித்துக்கொண்டு ஓடினார். கோல் ஃபெர்னாண்டஸ் பெயரில் எழுதப்பட்டது. பந்தை வெளியிட்ட அடிடாஸ் நிறுவனமே, பந்துக்குள் வைத்த உணரியில் (சென்சார்) வெளியில் இருந்து எந்த விசையும் பதிவாகவில்லை என்று சொல்லிவிட்டது.

இந்த 2022 உலகக் கோப்பையின் பந்தான அல் ரிஹ்லாவின் நடுவில் அந்த உணரி தொங்குகிறது. நொடிக்கு 500 முறை பந்தின் அசைவை அளந்து அனுப்புகிறது. மைதானத்துக் கூரையில் இருக்கும் 12 கேமராக்கள் வீரர்களின் உடம்பில் ஆளுக்கு 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பார்க்கின்றன. பாஸ் எந்தக் கணத்தில் காலை விட்டுக் கிளம்பியது என்பதைப் பந்து சொல்லும், அந்தக் கணத்தில் யார் எங்கே நின்றார் என்பதைக் கேமரா சொல்லும். கத்தார் - ஈகுவடார் முதல் ஆட்டத்தில் மூன்றாவது நிமிடத்திலேயே ஈகுவடாரின் வலென்சியா போட்ட கோல் ஆஃப்சைடு என்று போனது இப்படித்தான்.

எனக்கு இதில் சந்தோஷம் தான். கோடு கிழித்துக்கொண்டு, பந்து காலை விட்டுக் கிளம்பிய படம் எது என்று இரண்டு நிமிடம் தேடிக்கொண்டிருந்த காலத்தை விட இது மேல்.

30 நவம்பர் 2022

பந்துக்கும் சார்ஜ் போட வேண்டுமா என்று கேட்டவருக்கு: ஆமாம், உள்ளே உணரி இருப்பதால் போட வேண்டும். வரிசையாகப் பந்துகள் ஒயரில் மாட்டியிருக்கும் படம் போலி இல்லை.

3 டிசம்பர் 2022

"அந்தக் காலத்தில் பந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் காலம்தான் எல்லாவற்றையும் விட மோசம்!

1930, மான்டிவிடியோ, முதல் உலகக் கோப்பை இறுதியாட்டம். அர்ஜென்டினா தன் பந்தில் ஆட வேண்டும் என்கிறது, உருகுவே தன் பந்தில் என்கிறது. பெல்ஜியத்து நடுவர் லாங்கெனுஸ் முதல் பாதிக்கு ஒன்று, இரண்டாம் பாதிக்கு இன்னொன்று என்று முடித்துவைத்தார். அர்ஜென்டினாவின் பந்தில் ஆடிய முதல் பாதியில் அர்ஜென்டினா 2-1 என்று முன்னே. உருகுவேயின் பந்து வந்த பிறகு உருகுவே 4-2 என்று வென்றது. பந்தால்தான் வென்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் பந்து முக்கியமில்லை என்று அந்த 22 பேரில் யாரும் நினைக்கவில்லை என்பது தெளிவு.

அப்போதைய பந்தில் வெளியே தோல் கயிறு கட்டியிருக்கும், தலையால் முட்டும்போது முடிச்சு நெற்றியில் பட்டால் கிழிக்கும். கயிறில்லாமல் வால்வு வைத்த பந்தை 1930களின் தொடக்கத்தில் அர்ஜென்டினாவின் பெல் வில்லே என்ற ஊரில் மூன்று பேர் சேர்ந்து செய்தார்கள். அந்த வகைப் பந்துதான் 1950 உலகக் கோப்பைக்கு வந்தது. தலையால் முட்டி ஆடும் ஆட்டத்துக்கு இவ்வளவு நன்மை செய்த மாற்றம் வேறெதுவும் இல்லை என்பேன்.

1962ல் சிலி. முதல் ஆட்டத்தின் நடுவர் கென் ஆஸ்டனுக்கு உள்ளூர்ப் பந்து பிடிக்கவில்லை, ஐரோப்பியப் பந்து கொண்டுவரச் சொல்லி, அது இரண்டாம் பாதியில்தான் வந்து சேர்ந்தது. அப்புறம் 1966. வெம்ப்ளி இறுதியாட்டத்தில் ஆரஞ்சு நிறப் பந்து. இங்கிலாந்தின் ஹர்ஸ்ட் மூன்று கோல் போட்டார், பந்து அவருக்குப் போயிருக்க வேண்டும், ஆனால் எடுத்துக்கொண்டு போனது ஜெர்மனியின் ஹாலர். முப்பது வருடம் கழித்து 1996ல்தான் அது இங்கிலாந்துக்குத் திரும்பியது.

5 டிசம்பர் 2022

மேலே தோல் பந்து பற்றி எழுதும்போது தண்ணீரைச் சொல்ல மறக்கக்கூடாது என்று ஒருவர் நினைவூட்டினார். உண்மைதான். மழையில் தோல் ஊறி எடை ஏறும். எடை விதி ஆட்டத் தொடக்கத்துக்கு என்று எழுதியிருப்பதை மேலே சொன்னேனே, ஊறிய பந்தை அந்த அளவு கட்டுப்படுத்தாது. 1974ல் தோலின் மேல் பூச்சு பூசினார்கள், 1982ல் தையலை ரப்பரால் அடைத்தார்கள், 1986ல் அஸ்டெக்கா என்ற பந்தோடு தோலையே விட்டுவிட்டு முழுக்கச் செயற்கைப் பொருளுக்கு வந்தார்கள். கீப்பருக்கும் டிஃபென்டருக்கும் அது பெரிய விடுதலை. மழையில் ஊறிய தோல் பந்தை நான் பயிற்சியில் முட்டியிருக்கிறேன். கழுத்து இரண்டு நாள் திரும்பவில்லை.

1970 உலகக் கோப்பையின் பந்தான டெல்ஸ்டார் பற்றி எல்லாருக்கும் தெரியும். 12 கறுப்பு ஐங்கோணம், 20 வெள்ளை அறுகோணம். கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் கண்ணுக்குப் படவே அந்த நிறம். கால்பந்து என்றால் இன்றும் குழந்தை வரைவது அதைத்தான். 60 கார்பன் அணுக்கள் அதே கூட்டில் உட்கார்ந்திருப்பதை 1985ல் வேதியியலாளர்கள் கண்டுபிடித்தபோது அந்தப் பந்தின் படத்தைக் காட்டித்தான் விளக்கினார்கள். 60 முனை, 90 விளிம்பு. அந்த 90 விளிம்பும் தையல் என்பதுதான் நம் கதைக்கு முக்கியம். மூலைக்கு மூலை பரவிய தையல், எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றுக்கு ஏறக்குறைய ஒரே முகம். யாரும் காற்றுச் சுரங்கத்தில் வைத்து வடிவமைக்கவில்லை, ஆனாலும் பல பத்தாண்டுகள் நேர்மையாகப் பறந்தது. 1978ன் டாங்கோவும் உள்ளே அதே 32 துண்டுதான், மேலே அச்சடித்த கோலம் மட்டும் வேறு. முக்கோணங்கள் சேர்ந்து 12 வட்டம். அந்தக் கோலம் 1998 வரை ஆறு உலகக் கோப்பைக்கு வந்தது. என்னைக் கேட்டால் அதை விட அழகான பந்து இல்லை.

8 டிசம்பர் 2022

நான்கு நாளாக ஒன்று உறுத்துகிறது. ஜபுலானியின் தலையில் எல்லாப் பழியையும் போடுவது முழு நியாயம் இல்லை. அந்தத் தொடரின் பல ஆட்டங்கள் உயரமான இடங்களில் நடந்தன. ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டர். அங்கே காற்று அடர்த்தி குறைவு, எந்தப் பந்தும் இழுவை குறைந்து வேகமாக வரும், வளைவதும் குறையும். எல்லை வேகமும் கொஞ்சம் மேலே ஏறும். டர்பனிலும் கேப் டவுனிலும் கடல் மட்டம். சில நாளுக்கு ஒரு முறை மேலேயும் கீழேயும் போய் ஆடும் அணிக்குப் பந்து ஊருக்கு ஊர் வேறாகத் தெரியும்.

ஆனாலும் நான் முதலில் சொன்னதை இது அழிக்கவில்லை. 1970லும் 1986லும் மெக்சிகோவில் அதைவிட உயரத்தில் ஆடினார்கள். 1970ல் 32 ஆட்டத்தில் 95 கோல், அதில் பலவும் தூரத்தில் இருந்து அடித்தவை. பந்தைப் பற்றி 2010 போன்ற கூக்குரல் எழவில்லை. உயரமும் வழுவழுப்பும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் தென்னாப்பிரிக்காவில் நடந்தது.

9 டிசம்பர் 2022

"எல்லாத் தொடரிலும்தான் புகார் வருகிறது" என்பதற்குப் பதில்: 2014ஐப் பாருங்கள். அந்த ஆண்டின் பந்தான பிரசுகாவுக்கு ஆறே பேனல், ஜபுலானியை விடக் குறைவு. ஆனால் ஒவ்வொரு பேனலும் கை நீட்டிய வடிவம், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அதனால் பள்ளத்தின் மொத்த நீளம் 3.3 மீட்டர் அளவுக்குப் போனது, ஆழமும் கூட்டினார்கள். நாசாவில் ரபி மேத்தா என்ற ஆய்வாளரின் குழு இதையும் சோதித்தது. சேட்டை செய்யும் வேகம் மறுபடி 50 கி.மீ. பக்கம் இறங்கிவிட்டது, அதாவது பழைய 32 துண்டுப் பந்தின் இடத்துக்கே. புகார் ஏறக்குறைய நின்றுபோனது. இரண்டரை வருடம் 600க்கும் மேற்பட்ட வீரர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள், ஸ்பெயின் கீப்பர் காசியாஸும் அதில் ஒருவர். 2013 இருபது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் வேறு நிறம் அடித்து யாருக்கும் சொல்லாமல் ஆடவிட்டார்கள்.

கீப்பர்கள் சும்மா புலம்புகிறவர்கள் என்றால் 2014லும் புலம்பியிருக்க வேண்டும். புலம்பவில்லை. பேனல் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பள்ளத்தின் நீளத்தையும் ஆழத்தையும் பாருங்கள் என்று நான் கரடியாகக் கத்துவது இதனால்தான்.

12 டிசம்பர் 2022

அரையிறுதிக்கும் இறுதிக்கும் அல் ஹில்ம் என்று வேறு பந்தாம். நிறம்தான் வேறு, உடம்பு அல் ரிஹ்லாவே. இருபது பேனல், உள்ளே அதே உணரி.

இது எங்கே செய்யப்படுகிறது என்று கேட்டவருக்கு: பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள சியால்கோட். பிரசுகா, 2018ன் டெல்ஸ்டார் 18, அல் ரிஹ்லா மூன்றையும் அங்கே உள்ள ஃபார்வர்டு ஸ்போர்ட்ஸ் ஆலை செய்தது. உலகத்தின் கையால் தைத்த பந்துகளில் பெரும்பங்கு பல பத்தாண்டுகளாக அந்த ஊரில் இருந்துதான். 1947 பிரிவினையில் அங்கிருந்து வந்த தொழிலாளர்களும் முதலாளிகளும் ஜலந்தரில் குடியேறியதால்தான் இந்தப் பக்கமும் அந்தத் தொழில் வேர்விட்டது. எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே கைத்திறன்.

கசப்பான பகுதியும் இருக்கிறது. வீட்டுத் திண்ணைகளில் குழந்தைகள் பந்து தைத்தார்கள். 1990களின் நடுவில் அது உலகத்துக்குத் தெரிந்து, 1997 பிப்ரவரியில் அட்லாண்டாவில் ஓர் ஒப்பந்தம் போட்டு, தையலை வீடுகளில் இருந்து கண்காணிக்கக்கூடிய மையங்களுக்குக் கொண்டுவந்தார்கள். அப்படிக் கொண்டுவந்தபோது வீட்டை விட்டு வெளியே வர முடியாத பெண்களின் வருமானம் போனது. அப்புறம் ஒட்டும் இயந்திரம் வந்து கைத்தையலின் இடத்தையே சுருக்கியது. பிரசுகா செய்த ஆலையில் பெண்கள் பலர் வேலை பார்க்கும் படங்களைப் பார்த்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அவர்கள் செய்த பந்தை உலகமே பார்க்கிறது, அவர்களுடைய நாடு அந்தத் தொடரில் ஆடியதே இல்லை.

19 டிசம்பர் 2022

நேற்றைய இறுதியைப் பற்றி இங்கே எழுத வேண்டாம், அதற்கு வேறு இழை ஓடுகிறது. பந்தைப் பற்றி மட்டும்: 172 கோல், 64 ஆட்டத் தொடர்களில் இதுதான் அதிகம். கூடுதல் நேரத்தின் கடைசியில் பிரான்ஸின் கோலோ முவானி தனியாக வந்து அடித்ததை அர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தாரே, அங்கே பந்து அடித்த பாதையில் துளி விலகாமல் வந்தது. கீப்பர் கோணத்தைச் சரியாகக் குறுக்கியிருந்தார், அதற்கான கூலி கிடைத்தது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

18 ஜூன் 2024

யூரோ 2024க்காக (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) இழையைத் தூசி தட்டுகிறேன். நேற்று ஸ்லோவாக்கியாவிடம் பெல்ஜியம் 0-1. கடைசியில் லுகாகு போட்ட கோலை ரத்து செய்தார்கள், ஓபெண்டாவின் கையில் பந்து உரசியதைப் பந்துக்குள் இருக்கும் உணரி பிடித்துவிட்டது. திரையில் இதயத்துடிப்புக் கோடு மாதிரி ஒன்று காட்டினார்களே, கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குப் பழக்கமான விஷயம்.

இங்கே எனக்கு இரண்டு மனம். 2022ல் இந்த உணரியைப் புகழ்ந்து எழுதினேன், ஆஃப்சைடுக்கு இன்றும் புகழ்வேன். ஆஃப்சைடு இடம் பற்றிய கேள்வி, அதற்கு அளவு பதில் சொல்லும். ஹேண்ட்பால் அப்படி இல்லை. கை இயல்பான இடத்தில் இருந்ததா, உடம்பை அகலப்படுத்தியதா என்று நடுவர் பார்க்க வேண்டும். பட்டது என்று மட்டும்தான் பந்துக்குத் தெரியும். கோடு துடித்துவிட்டது என்பதற்காகவே குற்றம் என்று கூட்டமும் வர்ணனையாளர்களும் முடிவு கட்டிவிட்டால், நடுவரின் தீர்ப்புக்கு மரியாதை குறைந்துவிடும். நேற்று விசிலடித்தது சரியாகவே இருக்கலாம். பழக்கமாகிவிடுமோ என்றுதான் கவலை.

5 அக்டோபர் 2025

2026 பந்து வந்துவிட்டது, ட்ரியோண்டா. நான்கே நான்கு பேனல்! இதுவரை வந்ததில் மிகக் குறைவு. உடனே எனக்கு மூன்று பேர் செய்தி அனுப்பிவிட்டார்கள், ஜபுலானி திரும்ப வருகிறதா என்று.

பதறாதீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பள்ளங்கள் ஆழமாக இருக்கின்றன, பேனலின் நடுவிலும் அழுத்திய கோடுகள் இருக்கின்றன. நான்கு துண்டில் பள்ளத்தின் நீளம் குறையும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது, அதை ஈடுகட்டப் பார்த்திருக்கிறார்கள். உணரியை நடுவில் தொங்கவிடாமல் ஒரு பேனலின் உட்பக்கத்தில் வைத்து, மற்றப் பேனல்களில் எதிர் எடை வைத்திருக்கிறார்கள். இந்த எதிர் எடை விஷயம்தான் எனக்கு ஆர்வமாக இருக்கிறது. சுழலாமல் அடிக்கும் பந்தில் எடை ஒரு பக்கம் துளி சாய்ந்தாலும் ஆட்டம் காட்டும். அதைச் சரியாகச் செய்திருந்தால் கவலை இல்லை.

கவலைப்பட வேண்டியது மெக்சிகோ நகரத்துக்கு. 2,240 மீட்டர். கடல் மட்டத்தோடு பார்த்தால் காற்று அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே தொடரில் மயாமியும் வான்கூவரும் கடலோரம். ஜோஹன்னஸ்பர்க் - டர்பன் வித்தியாசத்தை விட இது அதிகம். உயரத்தில் ஆடும் அணிகள் சில நாள் முன்னதாகப் போய், மூச்சுக்கு மட்டும் இல்லாமல் பந்துக்கும் பழக வேண்டும். கீப்பர் பயிற்சியாளர்கள் இதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

11 அக்டோபர் 2025

மகனுக்கு ட்ரியோண்டா வாங்கலாமா என்று கேட்டிருக்கும் அப்பாவுக்கு. ஒரே படம் அச்சடித்த பந்து பல தரத்தில் வரும். தொடரில் ஆடுவது வெப்பத்தால் ஒட்டியது, பள்ளமும் மேல்தோல் கோடுகளும் அதில்தான் அசலாக இருக்கும். கீழ்த் தரங்களில் இயந்திரத்தால் தைத்து மேலே அதே படத்தை அடித்திருப்பார்கள். பையன் நடுக்களத்தில் ஆடுகிறவன் என்றால் தைத்தது போதும், நன்றாக உழைக்கும். கீப்பர் என்றால் கதை வேறு. ஒரு பருவத்தில் எங்கள் அணிக்கு மலிவான தைத்த பிரதியைப் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டு, ஆட்டத்தில் ஒட்டிய பந்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் சில ஆட்டங்களில் என் கை எப்போதும் பந்துக்கு ஒரு கணம் பிந்தியே போனது, ஒரு தடவை கட்டைவிரல் பின்னால் மடங்கியது. அதனால் வாங்குவதாக இருந்தால் அவன் ஆட்டத்தில் எந்த வகைப் பந்தைப் பிடிக்கப்போகிறானோ அந்த வகையையே வாங்குங்கள், ட்ரியோண்டா என்ற பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அழுத்தத்தையும் மானி வைத்து அளந்து, ஆட்டத்தில் வைக்கும் அளவுக்கே காற்றடியுங்கள்.